தள்ளிக்கொண்டு போற தம்பிமாருக்கு

இந்த முறை நல்லூர்த் திருவிழாவுக்கு பஸ்சும் இல்லையாம், றெயினும் இல்லையாம். மோட்டார் சைக்கிள்தானாம். வெள்ளவத்தையிலை இருந்து நாலு பேர், கொட்டாஞ்சேனையிலை இருந்து மூண்டு பேர். நல்ல விசயம். முருகன் மயிலிலை ஏறினவர், நீங்கள் இருநூறு சீசீயிலை ஏறுறியள், அவ்வளவுதானே. மயில் ஸ்ராட் வராமல் வழியிலை நிண்டதாக எந்தப் புராணத்திலையும் இல்லை எண்டதை மட்டும் நினைவிலை வைச்சிருங்கோ.

நிண்டால் என்ன செய்யிறது எண்டதுக்கும் ஏற்பாடு முடிஞ்சுதாம். மருமோன் ஒராள் அந்த ஏற்பாட்டைத் தூக்கிக்கொண்டுவந்து என்ரை சாய்மனைக் கதிரைக்குப் பக்கத்திலை வைச்சுத் திறந்து காட்டினார். கறுப்புப் பெட்டி. உள்ளுக்கை குழிக்கு ஒரு சாமானாய் மொத்தம் 46. பளபளக்குது. சம்பந்தம் பேசப் போகேக்கை தட்டத்துக்குப் பதிலாக் கொண்டுபோகலாம்.

"எல்லாம் இருக்குப் பெரியப்பு" எண்டார்.

நான் சும்மா ஒண்டுதான் கேட்டன். "தம்பி, பின் சில்லுக் கழட்டுற நட்டுக்கு இதிலை எது?"

தேடினார். குனிஞ்சு தேடினார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப்போட்டுத் தேடினார். அந்தப் பெட்டி 4 மில்லிமீற்றரிலை தொடங்கி 14 மில்லிமீற்றரோடை முடியுது. கால் அங்குல ராச்செற்றோடை வாற 46 சாமான் பெட்டியள் அப்படித்தான் வரும். பின் அச்சு நட்டு அதைவிட எவ்வளவோ பெரிசு. செயினை இறுக்கிறதெண்டாலும் முதலிலை அந்த நட்டைத்தான் இளக்கவேணும். ஆகப் பெட்டியிலை 46 சாமான் இருக்கு, வேண்டினது மட்டும் இல்லை.

பெட்டியிலை ஒரு பிழையும் இல்லை, பிள்ளையள். அது உங்கடை சைக்கிளைக் கண்டதில்லை, அதுதான் சங்கதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை ரெண்டையும் அறிமுகப்படுத்தி வையுங்கோ. கீழை வாகனம் விடுற இடத்திலை ஒரு சாக்கை விரிச்சுப்போட்டு, செக்கியூரிட்டி முறைச்சாலும் பாராமல், றோட்டிலை கழட்டவேண்டி வரக்கூடிய ஒவ்வொரு நட்டையும் ஒருக்கால் இளக்கி ஒருக்கால் இறுக்கிப் பாருங்கோ. பாவிச்சதை வலக்கைப் பக்கம் போடுங்கோ, பாவிக்காததை இடக்கைப் பக்கம். முடிய வலக்கைப் பக்கம் எட்டொன்பதுதான் கிடக்கும். அனேகமாக 10, 12, 14 ஸ்பனர், அச்சு நட்டுக்கு அளவான ஒரு பெரிய ரிங் ஸ்பனர், மூண்டு அலன் கீ, ஒரு குறடு, ஒரு ஸ்குரூ டிரைவர். அதை ஒரு பழைய துணியிலை சுத்திக் கட்டினால் சீற்றுக்குக் கீழை போகும். மிச்சத்தைப் பெட்டியோடை அலுமாரியிலை வையுங்கோ, பெண் பார்க்க வாற ஆக்களுக்குக் காட்ட உதவும்.

ஸ்குரூ டிரைவர் எண்டு சொன்னன், அதிலையும் ஒரு நுணுக்கம் கிடக்கு. யப்பான்காரன்ரை சைக்கிளிலை நட்சத்திரத் தலை ஸ்குரூவைக் கிட்டப் பாருங்கோ. சிலதிலை தலையிலை ஒரு சின்னப் பொட்டு வைச்சிருப்பான். அது வடிவுக்கு வைச்ச பொட்டு இல்லை. அந்த ஸ்குரூவின்ரை வெட்டு வேறை, சாதாரண நட்சத்திர டிரைவரின்ரை நுனி வேறை. சாதாரணத்தை வைச்சுத் திருகினால் வழுக்கி மேலை ஏறும். ரெண்டு தரம் வழுக்கினால் தலை தேஞ்சு வட்டமாப் போகும். பேந்து அதைக் கழட்ட ட்ரில்தான் வேணும். மதவாச்சியிலை இரவு எட்டு மணிக்கு ட்ரில்லுக்கு எங்கை போவியள்? யப்பான் அளவு நுனி உள்ள டிரைவர் எண்டு கேட்டு வாங்குங்கோ. கடைக்காரன் சிரிச்சால் வேறை கடைக்குப் போங்கோ.

"எங்கடை காலத்திலை" எண்டு நான் வாயெடுக்க நீங்கள் போனை எடுப்பியள், தெரியும். எடுங்கோ. நான் என்ரை பாட்டிலை சொல்லுறன். 1990 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்துது. பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோவிலை செய்தி கேட்ட சனம் நாங்கள். ஆனால் மோட்டார் சைக்கிள் மட்டும் நிக்கேல்லை. எம்டி 90, சி 50, சிடி 200 எல்லாம் மண்ணெண்ணெயிலை ஓடிச்சுது. சின்னப் போத்தலிலை இருந்து ரெண்டு துளி பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணுறது, எஞ்சின் சூடேற மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. புகையைப் பார்த்தே ஆர் வாறார் எண்டு சொல்லுவம். மண்ணெண்ணெய் முழுக்க எரியாது, கரி கட்டிப் பிளக் செத்துச் செத்துப் போகும். அதாலை சால்வையை மறந்தாலும் பிளக் ஸ்பனரை மறக்கிறதில்லை. வேலியோரம் குந்தியிருந்து பிளக்கைக் கழட்டி, சாண்ட் பேப்பராலை தேச்சு, ஊதி, திருப்பிப் பூட்டி ஒரு உதை விட்டால் ஓடும். ஒரு குறடும் ஒரு பிளக் ஸ்பனரும் ஒரு முழம் கம்பியும் காணும், ஊரெல்லாம் சுத்தி வரலாம்.

கம்பியை இளக்காரமா நினையாதேங்கோ. 1959 இலை இலங்கைக்கு வந்து ஹொரணைப் பக்கம் யஹலகெலே தோட்டத்திலை மரம் நட்டுப்போட்டுப் போனாரே சே குவேரா, அவர் அதுக்கு ஏழு வருசம் முந்தித் தென்னமெரிக்கா சுத்த எடுத்துக்கொண்டு போனது 1939 ஆம் ஆண்டு நோர்ட்டன், 500 சீசீ. அதைக் கம்பியாலை கட்டிக் கட்டித்தான் இழுத்துக்கொண்டு போனவர். சிலி நாட்டிலை அது ஒரேயடியாப் படுத்திட்டுது, கம்பிக்கும் ஒரு எல்லை இருக்குத்தானே. உங்களிலை ஒராளின்ரை ரீசேட்டிலை அவற்றை படம் கிடக்கு. கம்பியும் கிடக்கோ எண்டு பார்த்தன். இல்லை.

2022 இலை பெற்றோலுக்கு கியூஆர் அட்டை வந்து, தொடக்கத்திலை மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் எண்டு அளந்து விட்டாங்களே, அப்ப கொட்டாஞ்சேனைப் பெடியன் ஒருத்தன் என்னட்டை ரகசியமாக் கேட்டவன். "பெரியப்பு, உங்கடை மண்ணெண்ணெய் வித்தையை என்ரை சைக்கிளுக்குச் செய்யலாமோ?" செய்யலாம் மோனே, அதுக்கு முதல் சைக்கிளை வித்துப்போடு எண்டன். கார்பரேற்றர் வண்டி ஏழை வீட்டுப் பிள்ளை, கிடைச்சதைத் திண்டு வளரும். உங்கடை இன்ஜெக்ஷன் வண்டிக்கு அளந்து ஊட்டவேணும். பம்பு, இன்ஜெக்டர், புகைக்குழாயிலை மணந்து பார்க்கிற சென்சர் எண்டு ஒவ்வொண்டும் முகம் சுளிக்கும். எல்லாத்துக்கும் மேலை ஒரு கொம்பியூட்டர் இருந்து கணக்குப் பார்க்குது. அந்தக் கொம்பியூட்டரை றோட்டிலை திறந்து பார்க்கிற சாமான் உங்கடை பெட்டியிலையும் இல்லை, என்ரை சாக்கிலையும் இல்லை. அது செத்தால் லொறிக்குச் சொல்லி அனுப்புறதுதான் வைத்தியம்.

நல்ல காலம், அது லேசிலை சாகாது. சாகிறது சின்னச் சாமான்கள்தான். அதிலும் பாதி சாகிறதில்லை, செத்த மாதிரிக் கிடக்கிறது.

வலக்கைப் பிடிக்குப் பக்கத்திலை சிவப்பா ஒரு சுவிட்ச் இருக்கு, கண்டிருப்பியள். எஞ்சினை நிப்பாட்டுற சுவிட்ச். காலி வீதியிலை, சவோய் தியேட்டருக்கு முன்னாலை, ஒரு தம்பி பஸ்காரன்ரை ஹோர்னுக்கு நடுவிலை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேர்த்து விறுவிறுத்துப் போறார். முதுகுப் பையிலை கனக்கச் சாமான். நான் நடைபாதையிலை நிண்டு அந்தச் சிவப்புச் சுவிட்சைக் கையாலை காட்டினன். அமத்தினார், ஸ்ராட் வந்துது. அவர் எனக்கு நன்றி சொல்லேல்லை, ஹெல்மெற் கண்ணாடியை இறக்கிப்போட்டுப் போட்டார். அது சரிதான், நானெண்டாலும் அப்படித்தான் போயிருப்பன்.

சைட் ஸ்ராண்ட் கீழை கிடந்தாலும் கியரிலை போட்டவுடனை நிக்கும், அதுக்கும் ஒரு சுவிட்ச். சிலதிலை கிளச்சைப் பிடிக்காட்டில் ஸ்ராட்டர் சுத்தாது, அதுக்கும் ஒண்டு. சேறு பிடிச்சு அந்தச் சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் எஞ்சினிலை கோளாறு எண்டு நினைச்சு அழுவியள். சைக்கிள் விழுந்தெழும்பினால் இன்னொரு கூத்து. சரிஞ்சதைக் கண்டுபிடிக்கிற சென்சர் எஞ்சினை அறுத்துவிடும், தூக்கி நிமித்தினாலும் சும்மா ஓடாது. திறப்பை ஒருக்கால் நிப்பாட்டித் திருப்பிப் போட்டால்தான் கோவம் ஆறும். இதெல்லாத்துக்கும் என்ன சாமான் வேணும்? ரெண்டு நிமிசப் பொறுமை. அது பெட்டியிலை 47 ஆவதா வரேல்லை.

பிறகு காதைத் தீட்டுங்கோ. திறப்பைப் போட்டவுடனை தாங்கிக்குள்ளை இருந்து "ங்ங்ங்" எண்டு ரெண்டு விநாடி ஒரு சத்தம் வரும். பெற்றோல் பம்பு மூச்செடுக்கிற சத்தம். வீட்டிலை வடிவா இருக்கேக்கை அதைக் கேட்டுப் பழகி வையுங்கோ, நோய் வந்த நேரம்தான் அதின்ரை அருமை விளங்கும். சத்தம் வராட்டில் பியூஸைப் பாருங்கோ. பியூஸ் பெட்டி எங்கை கிடக்கு எண்டு இப்ப ஏழு பேரிலை எத்தினை பேருக்குத் தெரியும்? கையைத் தூக்குங்கோ. ம்ம்.

அதைத் தேடிப் பிடிச்சு, அதிலை கிடக்கிற அளவிலை ரெண்டு ரெண்டு பியூஸ் வாங்கி வையுங்கோ. 10 அம்பியருக்குப் பத்துத்தான். "இருவது போட்டால் இன்னும் பலம்" எண்டு சொல்லுற சிநேகிதன் ஒருத்தன் எல்லாக் கூட்டத்திலையும் இருப்பான், அவனைக் கடைசிச் சைக்கிளிலை விடுங்கோ. சிகரட் பெட்டி ஈயத்தாளைச் சுத்திப் போடுறதும் வேண்டாம். நாங்கள் போட்டனாங்கள்தான். எங்கடை வண்டியிலை எரிஞ்சால் ஒரு வயர் எரியும், உங்கடையிலை எரிஞ்சால் ஒரு மாசச் சம்பளம் எரியும். புது பியூஸ் போட்டும் திரும்பத் திரும்பப் போகுதெண்டால், நீங்கள் மேலதிகமாப் பூட்டின நாலு லைற்றையும் நீல மினுக்கியையும் போன் சார்ஜரையும் முதலிலை கழட்டுங்கோ. தோல் உரிச்சு முறுக்கிச் செலோரேப் ஒட்டின வயர் எத்தினை நாளைக்குத் தாங்கும்?

பற்றறிக் கதை வெள்ளவத்தைக்காரருக்கு விசேசம். மரைன் டிரைவ் ஓரம் இரவிரவா விட்டால் கடல் உப்பு ஒரு கம்பியையும் சும்மா விடாது. பற்றறித் தலையிலை வெள்ளையும் பச்சையுமாப் பூத்திருக்கும். சுரண்டித் துடைச்சு, இறுக்கி, கொஞ்சம் வாசலின் பூசினால் போதும், அதுக்கு ஒரு டிரைவரோ பத்தாம் நம்பர் ஸ்பனரோ காணும். பற்றறி களைச்சுப் போச்செண்டால் ரெண்டாம் கியரிலை தள்ளி ஸ்ராட் பண்ணிப் பாருங்கோ. முழுக்கச் செத்ததெண்டால் புத்தளம் மட்டும் தள்ளினாலும் வராது, பம்புக்கும் கொம்பியூட்டருக்கும் கரண்ட் வேணுமே. உதைக்கிற கட்டையையும் உங்கடை வண்டியிலை இருந்து எடுத்துப்போட்டாங்கள். போன் அளவிலை ஒரு ஜம்ப் ஸ்ராட்டர் வருது, ஏழு பேருக்கு ஒண்டு வாங்கினால் காணும். சார்ஜ் போட்டு வைச்சிருக்கவேணும் எண்டதையும் சொல்லவேண்டிக் கிடக்கு, உங்களுக்கு.

இனி ரயர். உங்கடை பயணத்திலை நடக்கிறதெண்டால் இதுதான் நடக்கும், அதாலை போனைக் கீழை வையுங்கோ. ரியூப்லெஸ் ரயரிலை ஆணி ஏறினால் உடனை பிடுங்கக்கூடாது. காத்து மெல்லத்தான் போகுதெண்டால் கிட்ட உள்ள கடை மட்டும் அப்படியே ஆறுதலா உருட்டலாம். கடை இல்லையோ, முதலிலை எல்லாத்தையும் எடுத்துக் கையெட்டுற தூரத்திலை வையுங்கோ. ஆணி எந்தச் சரிவிலை ஏறியிருக்கு எண்டு பார்த்துக் குறட்டாலை இழுங்கோ. அதே சரிவிலை அரம் போல இருக்கிற ஊசியை விட்டு, உள்ளுக்கும் வெளியுக்கும் நாலைஞ்சு தரம் இழுத்து ஓட்டையைச் சீராக்குங்கோ. பசை வார் ஒண்டை மற்ற ஊசியின்ரை காதிலை கோத்து, ரெண்டு நுனியும் ஒரு விரல் அகலம் வெளியிலை நிக்கிற மட்டும் அமத்தித் தள்ளி, ஊசியைச் சடக்கெண்டு இழுங்கோ. வார் உள்ளை நிக்கும், ஊசி வெளியிலை வரும், நீங்கள் பின்பக்கமா விழுவியள். மிச்ச வாரை வெட்டி, காத்தடிச்சு, மேலை துப்பல் பூசிப் பாருங்கோ. குமிழி வராட்டில் வெற்றி. வீட்டிலை ஒரு கழிச்ச ரயரிலை இதைச் செய்து பழகாமல் கனகராயன்குளத்திலை வெயிலுக்குள்ளை நிண்டு பொதியிலை உள்ள படத்தைப் பார்த்துச் செய்தால் கையிலைதான் ஓட்டை விழும். ரயரின்ரை பக்கச் சுவரிலை வெடிச்சதுக்கு இந்த வித்தை எடுபடாது. கம்பிச் சில்லு, ரியூப் போட்ட ரயர் வைச்சிருக்கிறவர் ரயர் லீவரும் மாத்து ரியூப்பும் கொண்டுபோகவேணும், இல்லாட்டில் நல்ல பேச்சுக்காரனாய் இருக்கவேணும்.

காத்தடிக்கக் கையாலை அடிக்கிற சின்னப் பம்பு ஒண்டு. மின்சாரப் பம்பு வாங்கிச் செத்த பற்றறியிலை பூட்டிப்போட்டு முழிக்கிறவரையும் நான் கண்டிருக்கிறன். எவ்வளவு காத்து எண்டதைச் சைக்கிளிலை ஒட்டியிருக்கிற லேபலிலை வாசியுங்கோ, அது விலையோடை வந்த அறிவு.

கிளச் கேபிள் அறும். புதுக் கேபிளைப் பழையதோடை சேர்த்து இப்பவே ஓட்டி, நுனியைக் கட்டிவிட்டால் வழியிலை பத்து நிமிச வேலை. கிளச் கையையும் பிரேக் கையையும் பிடிச்சிருக்கிற போல்ட்டைக் கல்லு மாதிரி இறுக்காதேங்கோ. விழுந்தால் சுத்திப் போற அளவுக்கு விட்டால் கை உடையாது. செயினுக்கு ஒரு கிளிப் லிங்க். வாங்கப் போகேக்கை 428 ஓ 520 ஓ எண்டு செயினிலை வாசிச்சுக்கொண்டு போங்கோ, கண்ணாலை பார்த்து வாங்கினது பொருந்தாது. கிளிப்பின்ரை மூடின பக்கம் செயின் ஓடுற திசையைப் பார்க்கவேணும். இவ்வளவையும் பஞ்சிகாவத்தையிலை ஒரு காலமை வாங்கி முடிக்கலாம். 2020 இலை வாகன இறக்குமதியை நிப்பாட்டி 2025 இலை திரும்பத் திறந்த மட்டும் கொழும்பைத் தள்ளாமல் ஓட வைச்சது அந்தத் தெருதான். அங்கை உள்ள பாஸ்மாரிட்டை இங்கிலீசிலை விளக்கம் சொல்லாதேங்கோ. பழைய சாமானைக் கையிலை குடுத்துப்போட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கோ, சரியானது வரும்.

கொட்டாஞ்சேனைக்காரருக்குத் தனியா ஒண்டு. மழைக்கு ஆமர் வீதிச் சந்தியிலை வெள்ளம் நிண்டால், சில்லின்ரை பாதி தாண்டுற தண்ணிக்குள்ளை விடாதேங்கோ. விட்டு நிண்டிட்டுதெண்டால் திரும்ப ஸ்ராட்டரை அமத்தக்கூடாது. எஞ்சினுக்குள்ளை தண்ணி போனால் அதை அமுக்கேலாது, கொனெக்டிங் றொட்தான் வளையும். தள்ளிக்கொண்டு ஜம்பட்டா வீதிக்கு ஏறுங்கோ, வெக்கம் ஒண்டும் இல்லை.

புத்தளம் தாண்டி அனுராதபுரம் மட்டும் பொழுதுபட்டால் நிப்பாட்டித் திருத்த வேண்டாம். கருவலகஸ்வெவப் பக்கம் றோட்டுக்கு ஆனை வரும், ஆனைக்கு ஸ்பனர் இல்லை. இருட்டிலை நிக்கத்தான் வேணுமெண்டால் தலையிலை கட்டுற ரோர்ச் வேணும். போனை வாயிலை கடிச்சுக்கொண்டு வெளிச்சம் பிடிச்சவன் ஒருத்தன் "அந்தப் பத்தை எடு" எண்டு சொன்னது மற்றவனுக்கு இண்டைக்கும் விளங்கேல்லை.

ஆருக்கும் காயமெண்டால் சைக்கிளை விட்டுப்போட்டு 1990 இக்கு அடியுங்கோ. எங்கடை ஆக்களுக்கு அது தடை வந்த வருசம், இப்ப அது சுவசெரிய அம்புலன்ஸ் நம்பர். காசு கேக்கமாட்டாங்கள், தீவு முழுக்க ஓடுது.

முறிகண்டியிலை எல்லா வாகனமும் நிக்கும், நீங்களும் நில்லுங்கோ. பிள்ளையாருக்குக் கற்பூரம் கொழுத்துங்கோ, கச்சான் வாங்குங்கோ, செயினைத் தொட்டுப் பாருங்கோ. செயின் இளகியிருந்தால் அதைப் பிள்ளையார் இறுக்கமாட்டார், ஸ்பனர் உங்களிட்டைதான் கிடக்கு.

மாங்குளத்திலையோ புளியங்குளத்திலையோ ஆரும் சைக்கிளோடை தனிய நிண்டால் கை காட்டிப்போட்டுப் பறக்காதேங்கோ. நிப்பாட்டி, என்ன பிரச்சினை எண்டு கேளுங்கோ. பம்பைக் குடுங்கோ, வார் ஒண்டையும் குடுங்கோ, கூட நிண்டு பிடிச்சும் விடுங்கோ. வெளிக்கிடேக்கை பம்பைத் திருப்பி வாங்க மறந்திடாதேங்கோ, ஏழு பேருக்கு அது ஒண்டுதான் கிடக்கு.